ஸ்டார்ட் ஆகாத ஆட்டோமேட்டிக் காரைக் கயிறு கட்டி இழுக்கலாமா? லாரியில் ஏற்றும்போது என்ன பார்க்க வேண்டும்?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவரிடம் இருப்பது முன்சக்கர இயக்கம் கொண்ட ஆட்டோமேட்டிக் கார். எஞ்சின் ஸ்டார்ட் ஆகவில்லை. பட்டறை 30 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. நண்பர் ஒருவர் தன் காரில் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போய்விடலாம் என்கிறார். அது சரியா என்பது முதல் கேள்வி. பழுது பார்த்த பிறகு அதே காரை வெகுதூரத்தில் உள்ள வேறு ஊருக்கு லாரியில் அனுப்ப வேண்டும், அதற்கு என்னென்ன கவனிக்க வேண்டும் என்பது இரண்டாவது.

முதல் கேள்விக்கு என் பதில்: வேண்டாம். பிளாட்பெட் வண்டியைக் கூப்பிடுங்கள், அதாவது காரை முழுசாகத் தன் தட்டையான தளத்தின் மேல் ஏற்றிப் போகும் மீட்பு லாரியை. காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அது புரிந்துவிட்டால் நாளைக்கு வேறு கார், வேறு நிலைமை என்று வந்தாலும் நீங்களே முடிவெடுக்கலாம்.

கார் வழியில் நின்றதும் எதை வைத்து இழுப்பது என்றுதான் பெரும்பாலானவர்கள் யோசிப்பார்கள். வண்டி மீட்கும் வேலை தெரிந்தவர் முதலில் பார்ப்பது சக்கரத்தை. எந்தச் சக்கரம் தரையில் உருளலாம், எது உருளக் கூடாது? இதற்கு விடை கிடைத்துவிட்டால் கயிறா, கிரேனா, பிளாட்பெட்டா என்பது தானாகவே முடிவாகிவிடும்.

எஞ்சின் எந்தச் சக்கரங்களைச் சுழற்றுகிறதோ, அவை எப்போதும் கியர்பாக்ஸோடு பிணைந்தே இருக்கும். எஞ்சின் நின்றிருக்கும்போது அந்தச் சக்கரங்களைத் தரையில் உருளவிட்டால், அவை கியர்பாக்ஸின் உள்பாகங்களைத் திருப்பிக்கொண்டே வரும். நியூட்ரலில் போட்டுவிட்டால் தொடர்பு அறுந்துவிடும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். நியூட்ரலில் எஞ்சினின் விசை சக்கரத்துக்குப் போகாது, அவ்வளவுதான். சக்கரப் பக்கம் உள்ள ஷாஃப்டும், பேரிங்கும், அதைச் சார்ந்த கியர்களும் சுற்றிக்கொண்டுதான் இருக்கும்.

சாதாரண ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்குள் ஆயிலைச் சுற்றவிட ஒரு பம்ப் இருக்கிறது. பெரும்பாலான கார்களில் அந்தப் பம்பை ஓட்டுவது எஞ்சின்தான். எஞ்சின் நின்றால் பம்பும் நின்றுவிடும். அப்புறம் 30 கிலோமீட்டர் இழுத்தால், உள்ளே இரும்பு இரும்போடு ஆயில் இல்லாமல் உரசிக்கொண்டு வருகிறது என்று அர்த்தம். வெளியே சத்தம் கேட்காது, புகை வராது. பட்டறைக்குப் போய்ச் சேர்ந்ததும் எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்றே தோன்றும். பேட்டரியோ, ஃபியூவல் பம்போ மாற்றி வண்டி ஸ்டார்ட் ஆன பிறகு, சில வாரங்களில் கியர் மாறும்போது இழுபறி தொடங்கும். சின்னப் பழுதுக்காக இழுத்துப் போன வண்டி, கியர்பாக்ஸையே இறக்கும் நிலைக்கு வந்துவிடும்.

சிவிடி வகை, அதாவது படிப்படியான கியர்கள் இல்லாமல் பெல்ட்டால் இயங்கும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் என்றால் இன்னும் கவனம் வேண்டும். அதில் ஓர் உலோக பெல்ட்டை இரண்டு புல்லிகள் கவ்விப் பிடித்திருக்கும். கவ்வும் பலமே ஆயில் அழுத்தத்திலிருந்துதான் வருகிறது. அழுத்தம் இல்லாமல் சக்கரம் புல்லியைச் சுழற்றினால் பெல்ட் வழுக்கும், புல்லியின் வழவழப்பான முகத்தில் கீறல் விழும். அதற்குப் பிறகு அந்தக் கியர்பாக்ஸ் பழையபடி ஆவது கஷ்டம்.

எல்லா ஆட்டோமேட்டிக் காரும் ஒன்று அல்ல என்பதும் உண்மை. சில தயாரிப்பாளர்கள் நியூட்ரலில், மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்துக்குள், 50 கிலோமீட்டர் தூரத்துக்குள் இழுக்கலாம் என்று அனுமதிக்கிறார்கள். சிலர் ஒரு மீட்டர்கூடக் கூடாது என்கிறார்கள். உங்கள் காரின் மேனுவலில் இழுத்தல் பற்றித் தனிப் பகுதி கட்டாயம் இருக்கும். அதில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் கடைசி வார்த்தை. நான் சொல்வதையும் நண்பர் சொல்வதையும் அதற்குப் பிறகு வையுங்கள். மேனுவல் கையில் இல்லை என்றால், கூடாது என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

மற்ற வகைக் கார்களையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். முன்சக்கர இயக்கக் காரை இரண்டு சக்கரம் தூக்கும் வண்டியில் கொண்டுபோவதென்றால் முன்பக்கத்தைத் தூக்க வேண்டும். பின்சக்கரங்கள் வெறுமனே உருள்பவை, ஹேண்ட் பிரேக்கை எடுத்துவிட்டால் போதும். பின்சக்கர இயக்கக் கார் என்றால் பின்பக்கத்தைத் தூக்க வேண்டும். அப்போது தரையில் உருள்வது முன்சக்கரம், அதாவது திரும்பக்கூடிய சக்கரம். ஸ்டியரிங் பூட்டை மட்டும் நம்பி ஓட்டிப் போகக் கூடாது, அது அந்த வேலைக்காகச் செய்யப்பட்டது அல்ல. ஸ்டியரிங்கை நேராக வைத்து அதற்கென்று உள்ள பெல்ட்டால் கட்ட வேண்டும்.

நான்கு சக்கர இயக்கம் என்றால் நான்கு சக்கரமும் தரையை விட்டு மேலே இருக்க வேண்டும். முன்னால் இரண்டைத் தூக்கி, பின்னால் இரண்டை உருளவிட்டால், நடுவில் இருக்கும் இணைப்பு ஒரு பக்கம் சுற்றி மறுபக்கம் நின்று சூடேறிக் கெட்டுப்போகும். காரின் பின்னால் ஒட்டியிருக்கும் எழுத்தைப் பார்த்தால் சில கார்களில் நான்கு சக்கர இயக்கம் என்றே தெரியாது. அதனால் வண்டி மீட்க வருபவரிடம் போனிலேயே இதைச் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் தவறான வண்டி வந்து நிற்கும்.

மின்சாரக் காரிலும் பெரும்பாலான ஹைபிரிட் காரிலும் சங்கதி வேறு. அங்கே சக்கரத்தோடு பிணைந்திருப்பது மோட்டார். சக்கரம் உருண்டால் மோட்டார் ஜெனரேட்டராக மாறி மின்சாரம் உண்டாக்கும். வண்டி அணைந்திருக்கும்போது அந்த மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் அமைப்பும் அணைந்திருக்கலாம். மின்னணுப் பாகங்கள் கருகலாம், தீயும் பிடிக்கலாம். எனவே பிளாட்பெட் மட்டுமே. அதில் ஏற்றுவதற்குக்கூடப் பல மின்சாரக் கார்களில் இழுப்பதற்கென்று தனி மோட் ஒன்று உண்டு. திரையில் அதைத் தேர்ந்தெடுத்தால்தான் சக்கரம் விடுபடும். 12 வோல்ட் பேட்டரி செத்திருந்தால் அந்தத் திரையே வராது. அப்போது வெளியிலிருந்து 12 வோல்ட் கொடுத்து எழுப்ப வேண்டும், இல்லாவிட்டால் சக்கரத்துக்கு அடியில் சின்ன உருளைத் தட்டு வைத்து நகர்த்த வேண்டும். சக்கரம் பூட்டியபடியே வின்ச்சால் (கம்பியைச் சுருட்டி இழுக்கும் கருவியால்) தரதரவென்று இழுக்கும் வழக்கம் எங்கே பார்த்தாலும் தடுத்து நிறுத்துங்கள்.

விபத்திலோ வெள்ளத்திலோ சிக்கிய மின்சாரக் காரைப் பற்றியும் ஒரு வார்த்தை. பேட்டரி அடிபட்டிருந்தால் உடனே ஒன்றும் ஆகாமல், பல மணி நேரமோ சில நாட்களோ கழித்துத் தீப்பிடிக்க வாய்ப்பு உண்டு. 2022-இல் ஃபுளோரிடாவைத் தாக்கிய இயான் புயலுக்குப் பிறகு, கடல் நீரில் மூழ்கிய மின்சாரக் கார்கள் சில இப்படித்தான் பின்னால் எரிந்தன. அப்படிப்பட்ட காரை இறக்கிவைக்கும்போது மற்ற வண்டிகளிலிருந்தும் கட்டடத்திலிருந்தும் சுமார் 15 மீட்டர் தள்ளி நிறுத்தச் சொல்கிறார்கள். வீட்டுக் கார் ஷெட்டுக்குள் கொண்டுபோய் வைக்கவே கூடாது.

சரி, கியர்பாக்ஸுக்கு ஒன்றும் ஆகாது என்றே வைத்துக்கொள்வோம். மேனுவல் கியர் கார், தூரமும் குறைவு. அப்போதும் கயிறு கட்டி இழுப்பதில் நான் பயப்படுவது இன்னொன்றுக்கு. எஞ்சின் நின்ற காரில் பிரேக்கும் ஸ்டியரிங்கும் நீங்கள் பழகியபடி இருக்காது. மிதிக்கும் பலத்தைக் கூட்டிக் கொடுக்கும் பிரேக் பூஸ்டரில் மிச்சமிருக்கும் வெற்றிடம் இரண்டு மூன்று தடவை மிதிக்கும்வரைதான் உதவும். அதற்குப் பிறகு பெடல் கல் மாதிரி ஆகிவிடும். பிரேக் செத்துவிடவில்லை, ஆனால் முழுக் காலையும் ஊன்றி மிதித்தால்தான் பிடிக்கும். பவர் ஸ்டியரிங்கும் இருக்காது, வளைவில் இரண்டு கையாலும் பலமாகத் திருப்ப வேண்டியிருக்கும். இது தெரியாமல் உட்கார்ந்தவர், முதல் வளைவிலேயே திணறிப்போவார்.

சாவியைக் கழற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். இக்னிஷன் போட்டே இருக்க வேண்டும். பட்டன் ஸ்டார்ட் காரில் பேட்டரி முழுக்கச் செத்திருந்தால் ஸ்டியரிங் பூட்டும் விடாது, மின்னணு ஹேண்ட் பிரேக்கும் விடாது, கியர் லீவரும் பி-யை (பார்க்கிங் நிலையை) விட்டு நகராது. பல கார்களில் கியர் லீவர் பக்கத்தில் சின்ன மூடி ஒன்று இருக்கும், அதைப் பெயர்த்து உள்ளே ஒரு ஸ்க்ரூ டிரைவரால் அழுத்தினால் லீவர் விடுபடும். அழுத்துவதற்கு முன்னால் சக்கரத்துக்கு முட்டுக் கட்டை வையுங்கள். சரிவில் நிற்கும் கார் அந்த நொடியிலேயே உருளத் தொடங்கும்.

ஆபத்தான இடத்தில் வண்டி நின்றுவிட்டது, மீட்பு வண்டி வர நேரமாகும், ஒரு கிலோமீட்டராவது தள்ளிப் போயாக வேண்டும் என்ற நிலைமை வரலாம். அதற்காகச் சொல்கிறேன், முறையாக எப்படிச் செய்வது என்று.

முதலில் கட்டும் இடம். இப்போதைய கார்களில் பம்பரில் சின்னச் சதுர மூடி அல்லது வட்ட மூடி இருக்கும். அதைத் திறந்தால் உள்ளே மரை. அதில் திருகிப் போடும் இரும்பு வளையம் டிக்கியில், ஜாக்கியும் வீல் ஸ்பேனரும் இருக்கும் இடத்தில் கிடக்கும். அதைக் கையால் முடிந்தவரை திருகுங்கள், பிறகு வீல் ஸ்பேனரின் கம்பியை வளையத்துக்குள் விட்டு நன்றாக இறுக்குங்கள். சில கார்களில் அது இடது மரை, வழக்கத்துக்கு எதிர்த் திசையில் திருக வேண்டும். மரை ஏறவில்லை என்றால் பலம் போடாமல் மறுபக்கம் திருகிப் பாருங்கள். பாதி மரையில் நிற்கும் வளையம் முதல் இழுப்பிலேயே வளைந்துவிடும் அல்லது பிய்த்துக்கொண்டு வரும். இந்த வளையம் நேராக இழுப்பதற்குத்தான். சேற்றில் புதைந்த காரைப் பக்கவாட்டில் வெட்டி இழுப்பதற்கு அது தாங்காது.

பம்பரில், சஸ்பென்ஷன் ஆர்மில், ஸ்டியரிங் ராடில், ஆக்சிலில் கயிற்றைக் கட்டவே கூடாது. இழுக்கும் காரின் பின்னால் டிரெய்லர் மாட்டுவதற்கான உருண்டை இருந்தால் அதில் கயிற்றைச் சுற்ற வேண்டாம். புதைந்த வண்டியை இழுக்கும்போது அந்த உருண்டை முறிந்து, கயிற்றின் இழுவிசையோடு பறந்துபோய் ஆளைக் கொன்ற சம்பவங்கள் நடந்திருக்கின்றன. கயிறு அறுந்தாலும் அப்படித்தான், இழுபட்டுத் தேக்கி வைத்திருந்த விசை முழுவதையும் ஒரே நொடியில் விடும். கயிறு இறுகும் நேரத்தில் அதன் நேர்க்கோட்டில் யாரும் நிற்கக் கூடாது. குழந்தைகளைச் சாலையோரத் தடுப்புக்கு அந்தப் பக்கம் நிற்க வையுங்கள்.

கயிற்றின் நீளம் 4 முதல் 5 மீட்டர் இருந்தால் போதும். பிரிட்டனில் இரண்டு வண்டிக்கும் நடுவே 4.5 மீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது, ஜெர்மனியில் 5 மீட்டர். நடுவில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டுங்கள். இல்லாவிட்டால் யாராவது இரண்டு வண்டிக்கும் நடுவே குறுக்கே நடந்து வருவார்கள், கயிறு கண்ணுக்கே தெரியாது.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. முன்னால் போகிறவர் பலமாக பிரேக் போடுகிறார், ஒவ்வொரு நொடியும் அவர் வேகம் நொடிக்கு 6 மீட்டர் என்ற அளவு குறைகிறது என்று வையுங்கள். நடுவில் 4 மீட்டர் இடைவெளி. பின்னால் உள்ளவர் ஒன்றும் செய்யாமல் இருந்தால் அந்த இடைவெளி சுமார் 1.15 நொடியில் தீர்ந்துவிடும். மனிதருக்கு பிரேக் லைட்டைப் பார்த்துக் காலை மாற்றவே ஏறக்குறைய ஒரு நொடி ஆகும், அதிலும் கல் மாதிரி இருக்கும் பெடல். அதாவது முன்வண்டி திடீரென்று நின்றால் பின்வண்டி மோதியே தீரும். வேகத்தை மணிக்கு 20, 25 கிலோமீட்டருக்குக் குறைத்தாலும் இந்த இடைவெளிக் கணக்கு பெரிதாக மாறாது.

அதனால் கயிறு இழுப்பில் பிரேக் போடும் வேலை பின்னால் இருப்பவருடையது. முன்னால் போகிறவர் வேகத்தைக் குறைக்க வேண்டுமானால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுப்பார், ஜன்னல் வழியாகக் கையை நீட்டிக் காட்டுவார். பின்னால் இருப்பவர் மெல்ல பிரேக்கை மிதித்து இரண்டு வண்டியையும் சேர்த்து நிறுத்துவார். ஓடும் நேரம் முழுக்க அவர் கண் கயிற்றின் மேல் இருக்க வேண்டும். கயிறு தொய்ந்து தரையைத் தொடப் போகிறது என்றால் லேசாக பிரேக். தொய்ந்த கயிறு மறுபடி வெடுக்கென்று இறுகும் அந்தத் தருணத்தில்தான் கயிறும் அறுகிறது, வளையமும் பிய்கிறது. புறப்படும்போதும் அதே கவனம்: முன்வண்டி அங்குலம் அங்குலமாக நகர்ந்து கயிற்றை இறுக்கிய பிறகுதான் கிளட்ச்சை முழுதாக விட வேண்டும். எனவே இரண்டு பேரில் அதிக அனுபவம் உள்ளவரைப் பின்வண்டியில் உட்கார வையுங்கள். பழுதான கார் என்னுடையது, அதனால் நானே உட்காருகிறேன் என்பது சரியான காரணம் இல்லை.

வேகம் மணிக்கு 20, 25 கிலோமீட்டர் போதும். இரண்டு வண்டியிலும் ஹசார்ட் லைட் எரியட்டும். இரவில், மழையில், மலைப்பாதையில், அதிவேகச் சாலையில் கயிறு இழுப்பே வேண்டாம். பிரேக்கில் கோளாறு உள்ள காரைக் கயிற்றில் இழுக்கவே கூடாது. இரும்புத் தண்டு கிடைத்தால் கயிற்றை விட அது எவ்வளவோ மேல், பின்வண்டி முன்வண்டியை மோதும் கவலை போய்விடும். இழுத்தே ஸ்டார்ட் செய்துவிடலாம் என்ற யோசனையையும் விட்டுவிடுங்கள். ஆட்டோமேட்டிக்கில் அது நடக்காது. மேனுவல் காரில் நடந்தால், பற்றிக்கொண்ட கார் சட்டென்று முன்னால் பாய்ந்து இழுப்பவரின் மேலேயே ஏறும்.

இரண்டு சக்கரம் தூக்கும் வண்டியைப் பற்றி ஒன்று மட்டும். நான் பார்த்த சேதங்களில் அடிக்கடி வருவது, பின்னால் ஹேண்ட் பிரேக் எடுக்காமலேயே இழுத்து வந்த கார். டயர் ஒரே இடத்தில் தேய்ந்து, உள்ளே நூல் தெரியும் அளவுக்குத் தட்டையாகி, ரப்பர் கருகிய வாசனையோடு வந்து நிற்கும். முன்னால் உட்கார்ந்திருக்கும் ஓட்டுநருக்கு ஒன்றும் தெரியாது. வண்டி புறப்பட்டுப் பத்து மீட்டர் போனதும் பின்சக்கரம் இரண்டும் உருள்கிறதா என்று நீங்களே நின்று பாருங்கள்.

இனி பிளாட்பெட். இதில் ஏற்றிவிட்டால் எல்லாம் பத்திரம் என்று நிம்மதி அடைந்துவிடுகிறோம். ஏற்றுவதிலும் கட்டுவதிலும்தான் பாதி வேலையே இருக்கிறது.

ஏற்றும்போது வின்ச் கம்பியை அந்தத் திருகு வளையத்திலோ, தயாரிப்பாளர் சொன்ன இடத்திலோ மாட்ட வேண்டும். தாழ்வான கார் என்றால் சாய்வுத் தளத்தின் தொடக்கத்தில் மரப் பலகை வைத்துச் சரிவைக் குறைக்கச் சொல்லுங்கள். பம்பரின் அடிப்பகுதி உரசுவது பெரும்பாலும் முதல் அரை மீட்டரில்தான். கார் நியூட்ரலில், சக்கரம் நேராக, ஆமை வேகத்தில் ஏறட்டும். ஏறும் காருக்குப் பின்னால் யாரும் நிற்கக் கூடாது. கம்பியோ கொக்கியோ விட்டுப்போனால் கார் இறங்கும் பாதை அதுதான்.

மேலே ஏறியதும் ஹேண்ட் பிரேக், ஆட்டோமேட்டிக் என்றால் பி, மேனுவல் என்றால் கியர். அப்புறம் காரைத் தளத்தோடு கட்டும் பெல்ட். வின்ச் கம்பியும் ஹேண்ட் பிரேக்குமே போதும் என்று புறப்படுகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களோடு உங்கள் காரை அனுப்பாதீர்கள். சரக்கு கட்டுவதற்கான அமெரிக்க விதியும் ஐரோப்பியத் தரமும், பிரேக் போடும்போது சரக்கின் எடையில் 0.8 மடங்கு விசை முன்பக்கம் தள்ளும் என்று வைத்தே கணக்குப் போடுகின்றன. பக்கவாட்டிலும் பின்பக்கமும் 0.5 மடங்கு. 1,300 கிலோ கார் என்றால், முன்னால் ஒரு டன்னுக்கும் மேலான தள்ளு. அதைப் பிடிக்க வேண்டியது அந்த பெல்ட்டுகள்தான். குறைந்தபட்சம் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று சில விதிகள் ஒப்புக்கொள்ளும். என்னைக் கேட்டால் நான்கு மூலையும் கட்டாமல் வண்டி நகரக் கூடாது.

எங்கே கட்டுவது? எனக்குப் பிடித்த முறை டயரின் மேல் பெல்ட்டைப் போட்டு, சக்கரத்தையே தளத்தோடு இறுக்குவது. காரின் சஸ்பென்ஷன் தன் பாட்டுக்கு மேலும் கீழும் ஆடும், சக்கரம் மட்டும் அசையாது. சேசிஸில் (காரின் அடிச்சட்டத்தில்) கொக்கி மாட்டிக் கீழே இழுத்துக் கட்டும் முறையில், கார் பள்ளத்தில் குதிக்கும்போது சஸ்பென்ஷன் அமுங்கி பெல்ட் ஒரு நொடி தொய்யும், அடுத்த நொடி வெடுக்கென்று இறுகும். தொய்யும் நொடியில் கொக்கி கழன்றுகொள்ளலாம். சேசிஸில்தான் கட்ட வேண்டும் என்றால் அதற்கென்று தயாரிப்பாளர் விட்ட துளைகள் இருக்கின்றன. கையில் அகப்பட்ட கம்பியில் மாட்டினால், அது பிரேக் ஹோஸாகவோ ஸ்டெபிலைசர் பாராகவோ இருக்கும்.

பெல்ட்டை நீங்களே கையில் எடுத்துப் பாருங்கள். ஓரத்தில் வெட்டு, நடுவில் பஞ்சு பஞ்சாகப் பிரிந்த நூல், வெயிலில் வெளுத்து மொரமொரப்பான துணி, உருகிப் பளபளக்கும் புள்ளி, முடிச்சுப் போட்ட இடம், இதில் எது இருந்தாலும் அதை ஒதுக்கிவிட வேண்டும். தையல் பக்கத்தில் ஒரு லேபிள் இருக்கும். அதில் எவ்வளவு எடைக்கு வேலை செய்யலாம் என்று போட்டிருப்பார்கள், அறுபடும் எடையில் வழக்கமாக அது மூன்றில் ஒரு பங்கு. லேபிள் கிழிந்துபோன பெல்ட்டின் பலம் யாருக்கும் தெரியாது. பெல்ட்டை இறுக்கும் கைப்பிடிக் கருவியான ராட்செட்டில் பெல்ட் இரண்டு, மூன்று சுற்று சுற்றியிருக்க வேண்டும். ஒரே சுற்று என்றால் வழுக்கும், ஐந்தாறு சுற்று திணித்தால் கைப்பிடி முழுதாக மூடாது. மூடாத கைப்பிடி அதிர்வில் தானாகத் திறந்துகொள்ளும். மிச்ச பெல்ட்டைச் சுருட்டிக் கட்டிவிட வேண்டும், காற்றில் அடித்துக்கொண்டே வந்தால் பெயின்டைச் சுரண்டிவிடும்.

எவ்வளவு நன்றாக இறுக்கினாலும் முதல் சில கிலோமீட்டரில் பெல்ட் தளரும். டயர் அமர்ந்து உட்காரும், பெல்ட்டும் கொஞ்சம் நீளும். அமெரிக்க விதி முதல் 80 கிலோமீட்டருக்குள் ஒருமுறை நிறுத்திப் பார்க்கச் சொல்கிறது. அவ்வளவு தூரம் காத்திருக்க வேண்டாம், 10, 15 கிலோமீட்டரில் ஓரமாக நிறுத்தி நான்கையும் இன்னொரு தடவை இறுக்குங்கள். மழை பெய்தால் மறுபடியும். காருக்குள் யாரையும் உட்கார வைத்துக் கொண்டுபோகக் கூடாது, வளர்ப்புப் பிராணியையும்தான்.

சொந்தமாக டிரெய்லரில் ஏற்றிப் போக நினைப்பவர்களுக்குச் சுருக்கமாக: டிரெய்லரின் எடையும் காரின் எடையும் சேர்த்துத்தான் இழுக்கும் வண்டி தாங்க வேண்டிய எடை. காரை டிரெய்லரில் கொஞ்சம் பின்னால் நிறுத்திவிட்டால் இணைப்பின் மேல் பளு குறையும், வேகம் ஏறியதும் டிரெய்லர் இடமும் வலமுமாக ஆடத் தொடங்கும். ஆட்டம் வந்தால் பயத்தில் பிரேக்கை அழுத்தாதீர்கள், ஸ்டியரிங்கை எதிர்த் திசையில் வெட்டாதீர்கள், வேகத்தைக் கூட்டியும் தப்பிக்கப் பார்க்காதீர்கள். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து ஆக்சிலரேட்டரை விட்டுவிடுங்கள். பிறகு ஓரமாக நிறுத்தி, காரை முன்னால் நகர்த்திக் கட்டுங்கள். பாதுகாப்புச் சங்கிலிகள் இரண்டையும் இணைப்புக்கு அடியில் குறுக்காக மாட்டுங்கள். இணைப்பு கழன்றாலும் டிரெய்லரின் மூக்கு சாலையில் குத்தாமல் அந்தச் சங்கிலி தாங்கிக்கொள்ளும்.

இரண்டாவது கேள்வி, காரை வேறு ஊருக்கு அனுப்புவது. பல கார்களை ஒன்றாக ஏற்றும் லாரியில் மேல் தட்டு, கீழ் தட்டு இருக்கும். மேல் தட்டு வண்டியிலிருந்து ஆயில் சொட்டினால் கீழே உள்ள காரின் மேல்தான் விழும். அதனால் உங்கள் காரில் கசிவு இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். கசிவு இல்லாத கார் என்றால் மேல் தட்டுக் கேட்பதும் தவறில்லை. மூடிய லாரி விலை உயர்ந்த காருக்கும் பழங்கால காருக்கும் தேவைப்படலாம். தினமும் ஓட்டும் காருக்குத் திறந்த லாரி போதும்.

பெட்ரோல் கால் டேங்க் இருந்தால் போதும். டேங்கை நிரப்பி அனுப்பினால் வீண் எடை, கசிந்தால் ஆபத்தும் கூட. வீட்டுச் சாமான்களை டிக்கியில் அடைத்து அனுப்பும் ஆசை எல்லோருக்கும் வரும். அது வேண்டாம். காரின் எடை கூடினால் பெல்ட்டுக்குப் போட்ட கணக்கு தவறிவிடும், உள்ளே உருளும் பெட்டி கண்ணாடியை உடைக்கும், சாமான்களுக்குப் பெரும்பாலும் காப்பீடும் கிடையாது. கூரைமேல் மாட்டிய சட்டம், கழற்றக்கூடிய ஆன்டெனா இரண்டையும் எடுத்துவிடுங்கள். கண்ணாடிகளை மடக்குங்கள், அலாரத்தை அணையுங்கள். இல்லாவிட்டால் ராத்திரி முழுக்கக் கத்திப் பேட்டரியைத் தின்றுவிடும், இறக்கும் இடத்தில் கார் ஸ்டார்ட் ஆகாது. திருகு வளையத்தை டிக்கியில் ஆழப் புதைக்காமல் எடுக்கும் இடத்தில் வையுங்கள், அதைத் தேடி ஏற்றுபவர் நேரம் போக்க வேண்டாம்.

காரைக் கழுவிய பிறகு படம் எடுங்கள். தூசி படிந்த காரில் கீறல் தெரியாது, பின்னால் வாக்குவாதம்தான் மிஞ்சும். நான்கு பக்கம், நான்கு மூலை, கூரை, ஒவ்வொரு வீல், பம்பரின் அடிப்பகுதி, முன்கண்ணாடி, உள்ளே ஓடோமீட்டர். ஏற்றுபவர் தரும் படிவத்தில் ஏற்கெனவே உள்ள கீறல்களைக் குறிப்பார்கள். அவர் குறித்ததும் நீங்கள் பார்த்ததும் ஒன்றா என்று நின்று சரிபார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். ஏற்றுபவரின் காப்பீடு எதற்கெல்லாம் பொருந்தும், கல் தெறித்த சேதம் அதில் வருமா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

காரைப் பெற்றுக்கொள்ளும் இடத்திலும் அதே படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு சுற்று வாருங்கள். இருட்டில் வந்து சேர்ந்தால் டார்ச் அடித்துப் பாருங்கள், அல்லது வெளிச்சம் வரும்வரை கையெழுத்தைத் தள்ளிப்போடுங்கள். புதிதாக ஏதாவது தெரிந்தால் ஓட்டுநர் முன்னிலையிலேயே படிவத்தில் எழுதிவிடுங்கள், அவர் போன பிறகு சொன்னால் எடுபடாது. கீழே குனிந்து, பெல்ட்டும் கொக்கியும் பட்ட இடங்களில் பிரேக் ஹோஸ் நசுங்கியிருக்கிறதா, டயரின் பக்கச் சுவரில் வெட்டு இருக்கிறதா என்று பாருங்கள். எஞ்சினைப் போட்டு, நகர்வதற்கு முன்னால் பிரேக் பெடலை இரண்டு தடவை அழுத்திப் பாருங்கள். பத்து மீட்டர் மெல்ல ஓட்டி பிரேக் பிடிக்கிறதா, ஸ்டியரிங் நேராக நிற்கிறதா என்று பார்த்துவிட்டுச் சாலையில் இறக்குங்கள்.